திருவையாற்று ஆராதனையும் நாகரத்தினம்மாளும்

ஓர் உத்ஸவத்தை நடத்துவது எளிய காரியம் அன்று. பந்தல் போடவேண்டும், வருவோருக்கு உணவும் தங்குமிடமும் தேடவேண்டும், பணம் திரட்டவேண்டும், வித்வான்களின் வரிசையை வகுக்கவேண்டும், முன்னால் பாடுவோர் யார், பின்னால் பாடுவோர் யார் என்பதால் எழும் மனஸ்தாபங்களைத் தீர்க்கவேண்டும். பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம் நேயர்கள் இச்சிரமங்களைத் தம் அநுபவத்திலேயே அறிவார்கள். ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகத் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பந்தலில் வாய் திறந்து பாட யாருக்கு உரிமை என்பதே அக்கேள்வி. இதைத் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் கேட்டு, இறுதியில் அதற்கு விடையும் கண்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஸங்கீத உத்ஸவங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அந்த அம்மையாரின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது.

நாகரத்தினம்மாள் 1878-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலக்ஷ்மி அம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். குழந்தைப் பருவத்திலேயே ஸம்ஸ்கிருதம் கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. கன்னடமும் தெலுங்கும் கைவந்தன. ஸங்கீதத்தில் அவருக்குக் குருவாக அமைந்தவர் பெங்களூர் முனுசாமப்பா. தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த இவ்வித்வானிடம் நாகரத்தினம்மாள் பெற்றது பாட்டு மட்டும் அன்று. தியாகராஜரிடம் மாறாத பக்தியையும் பெற்றார். பின்னாளில் நிகழ்ந்தவை அனைத்திற்கும் இதுவே வித்து.

பின்னர் அவர் சென்னைக்கு வந்து குடியேறினார். வீணை தனம்மாள் போன்ற மேதைகள் வாழ்ந்த ஜார்ஜ் டவுனில் அவருடைய புகழும் வளர்ந்தது. பாட்டிலும் ஹரிகதையிலும் வல்லவராய், ஊர் ஊராய்ச் சென்று கச்சேரிகள் செய்தார். பொருள் சேர்ந்தது, வீடும் நகைகளும் சேர்ந்தன. வித்யாசுந்தரி என்ற பட்டமும் வந்தது. இந்த நிலையோடு திருப்தி அடைந்திருந்தால் அவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் கற்றறிந்த ஸ்திரீ ஒருத்தியின் வாயைப் பிறர் மூடுவதைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்வபாவம் அவருக்கு இல்லை. இதை முதன்முதலில் காட்டியது ஒரு புஸ்தக விவகாரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசரின் ஸபையில் விளங்கிய முத்துப்பழனி என்ற தேவதாசி, தெலுங்கில் ராதிகா ஸாந்த்வனம் என்ற காவியத்தை இயற்றினார். அந்நூல் முன்பு அச்சானபோது பல பகுதிகள் விடப்பட்டிருந்தன. நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடிப் பெற்று, விட்ட பகுதிகளைச் சேர்த்துப் பரிசோதித்து, 1910-ல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திரலு நிறுவனத்தாரின் மூலம் வெளியிட்டார். சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு அந்நூலையும் அதனை இயற்றிய மாதையும் முன்பே கண்டித்திருந்தார். சிருங்காரத்தை ஆண் கவிஞர்கள் பாடினால் ரஸம் என்றும், பெண் பாடினால் ஆபாஸம் என்றும் கொள்வது எந்த நியாயம் என்பது நாகரத்தினம்மாளின் வாதம். வாதத்துக்கு விடை கிடைக்கவில்லை. புஸ்தகத்துக்குத் தடைதான் வந்தது. அத்தடை நீங்கியது 1947-ல், பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாயிருந்த காலத்தில். முப்பது வருஷங்களுக்கு மேல் ஒரு பெண்ணின் கவிதை சட்டத்தின் பூட்டுக்குள் கிடந்தது.

இனித் திருவையாற்றுக்கு வருவோம். தியாகராஜ ஸ்வாமிகள் 1847-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று ஸித்தி அடைந்தார். அந்திம காலத்தில் ஸந்நியாஸம் பெற்றிருந்தமையால் அவருடைய தேகம் காவேரிக் கரையில் ஸமாதியாயிற்று. சிஷ்யர்கள் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில் அத்திதியைக் கொண்டாடி வந்தார்கள். ஸமாதியோ கவனிப்பாரற்றுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அவ்விடத்தின்பால் மீண்டும் கவனத்தைத் திருப்பினார்கள். அதன்பின் வித்வான்கள் ஆண்டுதோறும் திருவையாற்றில் கூடி ஆராதனை செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் நம் நாட்டு வழக்கப்படி, நல்ல காரியம் தொடங்கிய சில வருஷங்களுக்குள்ளேயே கட்சிகளும் தோன்றிவிட்டன. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு ஏற்பட்டு, தனித்தனியே உத்ஸவம் நடத்தின. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பெரிய கட்சிக்கும், சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் சின்னக் கட்சிக்கும் தூண்களாய் விளங்கினார்கள். இருவரும் பக்தியிலோ வித்வத்திலோ குறைந்தவர்கள் அல்லர். சன்மானம் எதிர்பாராமல் வித்வான்கள் வந்து பாடினதும், வந்தோர்க்கெல்லாம் அன்னம் இட்டதும் இத்தகையோரின் உழைப்பினாலேயே. பல விஷயங்களில் மாறுபட்ட இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாயிருந்தன. ஸ்திரீகள் அங்கே பாடக்கூடாது என்பதே அந்த ஒற்றுமை.

ஸமாதியின் சீர்கேடு நாகரத்தினம்மாளின் காதுக்கு எட்டியது. தியாகராஜர் தம் கனவில் தோன்றினார் என்று அவர் நம்பினார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஈட்டிய பொருள் கையில் இருந்தது. ஸமாதியைச் சுற்றியிருந்த நிலத்தைத் தம் பொருளால் பெற்றார், புதரை அகற்றினார், 1921-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி ஆலயத்துக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. கட்டடம் வளர வளர நகைகள் குறைந்தன. 1925-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தேறியது. தியாகராஜரின் சிலை ஸமாதிக்கு முன் பிரதிஷ்டையாயிற்று. அவரைப் போற்றி ஸம்ஸ்கிருதத்தில் நாமாவளி ஒன்றையும் அம்மையார் இயற்றினார்.

இவ்வளவும் செய்தவர், ஆராதனை தினத்தன்று அந்த ஸந்நிதியில் அமர்ந்து ஒரு கீர்த்தனை பாட விரும்பினார். கட்சிக்காரர்கள் இசையவில்லை. பணம் கொடுத்தவர் அவர். கல் எடுத்தவர் அவர். விளக்கு ஏற்ற வகை செய்தவர் அவர். பாடுவதற்கு மட்டும் அவர் ஆகாதவராய்ப் போனார். சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிலை மிகவும் விசித்திரமாகத் தோன்றுகிறது. நிலத்தின்மேல் ஒருவருக்குப் பாத்தியதை உண்டு என்று பத்திரம் சொல்லும். அந்நிலத்தின்மேல் நின்று பாடும் பாத்தியதை அவருக்கு இல்லை என்று வழக்கம் சொல்லும். பத்திரத்தைவிட வழக்கம் வலிது என்பதை நம் தேசத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இது கச்சேரி மேடை அன்று. ஒரு ஸந்நியாசியின் ஆராதனை. சிஷ்ய பரம்பரையார் செய்யும் வைதிக காரியம். இதில் ஸ்திரீகளுக்கு இடம் இல்லை என்பது அவர்கள் எண்ணம். இவ்வாதத்தில் ஒரு முரண் உண்டு. சிஷ்ய பரம்பரை என்றால் முனுசாமப்பாவின் வழியே நாகரத்தினம்மாளும் அப்பரம்பரையைச் சேர்ந்தவரே. வைதிக காரியம் என்றால், அதற்கு வேண்டிய ஆலயத்தை அவர் எழுப்பலாம், அதில் பாடலாகாது என்பது எப்படிப் பொருந்தும்? ராமநாமத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்த ஒரு பக்தரின் ஸந்நிதியில் இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாயிருந்திருக்காது.

இவ்விடத்தில் வேறொருவராயிருந்தால் மனம் கசந்து ஊர் திரும்பியிருப்பார்; அல்லது தம் நிலத்தில் எவரும் கால் வைக்கலாகாது என்று வேலி போட்டிருப்பார். நாகரத்தினம்மாள் செய்தது வேறு. அவரும் ஓர் உத்ஸவம் நடத்தினார். சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பாடும் ஸ்திரீகளைத் திரட்டி, ஸமாதிக் கோயிலின் பின்புறத்தில் பாடவைத்தார். பாட்டும் உண்டு, ஹரிகதையும் உண்டு. இரண்டு கட்சிகளோடு பெண்கள் கட்சி என்று மூன்றாவது கட்சி பிறந்தது. முன்புறம் ஆண்களின் கோஷ்டி, பின்புறம் பெண்களின் கோஷ்டி, நடுவே தியாகராஜர். அவருடைய செவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கும்.

இந்த முறையை நம் தேசத் தொண்டர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். உரிமை மறுக்கப்பட்டபோது அம்மையார் விண்ணப்பம் எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. உரிமையைப் பிரயோகித்துக்கொண்டே அதை நிலைநாட்டினார். வருஷந்தோறும், வசைச் சொல்லையும் வழக்கையும் தாங்கிக்கொண்டு, பாட வருகிறவர்களுக்கு வழிச்செலவுக்கும் உணவுக்கும் வழி செய்துகொண்டு, அந்தப் பின்புறத்து மேடையை அவர் விடாமல் நடத்தினார். ஒரு வருஷம் நடந்தது பிடிவாதம் எனப்பட்டது. பல வருஷங்கள் நடந்தபின் அதுவே வழக்கமாயிற்று. வழக்கத்தை வழக்கத்தாலேயே வென்றார் அவர்.

அக்காலத்தில் மற்றொரு போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. தேவதாசி முறையை ஒழிக்கவேண்டும் என்று டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி சென்னைச் சட்ட ஸபையில் 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து மனுச் செய்த தேவதாசிகளின் பக்கத்தில் நாகரத்தினம்மாள் நின்றார். பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்று என்பதே நம் துணிபு. 1947-ல் நிறைவேறிய சட்டத்தை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் அம்மையாரின் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு வழக்கத்தை ஒழிப்பவர்கள், அவ்வழக்கத்தோடு பிணைந்திருந்த கல்வியையும் கலையையும், அவற்றைக் காத்த ஸ்திரீகளின் மானத்தையும் காப்பாற்ற என்ன ஏற்பாடு செய்தார்கள்? இக்கேள்வியைச் சீர்திருத்தக்காரர்களில் பலர் அன்று போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

காலம் மாறியது. பழைய தலைவர்கள் மறைந்தார்கள். மூன்று கட்சிகளின் உத்ஸவங்களையும் ஒன்றாக்க முயற்சி எழுந்தது. ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தரான எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமி, முஸிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் இதில் முன்னின்று உழைத்தார்கள். 1940-ல் கட்சிகள் இணைந்து தியாகப்பிரம்ம மஹோத்ஸவ ஸபை ஏற்பட்டது. ஸ்திரீகள் பாடலாம் என்பதும் அந்த இணைப்பில் அடங்கியது. நாகரத்தினம்மாள் தம் தனிக் கட்சியைக் கலைத்துப் பொது உத்ஸவத்தில் சேர்ந்தார். போராட்டத்துக்காகவே போராடும் இயல்பு அவருக்கு இல்லை. வேண்டியது கிடைத்ததும் கொடியை இறக்கத் தெரிந்தவர் அவர்.

ஒன்றுபட்ட உத்ஸவத்தில் ஒரு புதிய வழக்கமும் வேரூன்றியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளை, கூடியிருக்கும் வித்வான்கள் அனைவரும் ஒருமிக்கப் பாடுவதே அது. தனித்தனியே பாடினால் முன், பின் என்ற வழக்கு எழும். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவ்வழக்குக்கு இடம் இல்லை. பெயர் பெற்ற வித்வானும் நேற்றுப் பாடம் தொடங்கிய மாணவியும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கிறார்கள். ஓர் உத்ஸவத்தின் அமைப்பிலேயே ஸமத்துவத்தை வைப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் நாம் அறியோம்.

அம்மையார் தம் இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தம் சொத்தை அந்த ஸமாதியின் பணிக்கே எழுதிவைத்தார். 1952-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி காலமானார். தியாகராஜரின் ஸந்நிதிக்கு அருகிலேயே அவருக்கும் ஸமாதி எழுந்தது. அதன்மேல் அவருடைய சிலை குருவின் ஸந்நிதியை நோக்கி அமர்ந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இச்சரித்திரம் முழுமை பெறாது. அவர் திறந்த வாயிலின் வழியே பெருந்திரளாகப் புகுந்தவர்கள் பிற குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். அவருடன் பின்புறத்து மேடையில் பாடிய மரபைச் சேர்ந்தவர்களோ, மெல்ல மெல்லக் கச்சேரி உலகிலிருந்தே மறைந்துபோனார்கள். புஷ்ய பகுள பஞ்சமியன்று காவேரிக் கரையில் ஆண் குரலும் பெண் குரலும் கலந்து எழும்போது, அந்தப் பெண் குரலுக்கு இடம் தேடித் தந்தவர்கள் எவர் என்பதைப் பாடுவோரும் கேட்போரும் நினைக்கவேண்டும்.

நம் ஊர்களில் விழா நடத்தும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. நிகழ்ச்சி நிரலை எழுதி முடித்தபின் ஒருமுறை எழுந்துபோய்ப் பந்தலின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே சமைப்பவர், பெருக்குபவர், பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர் என்று சிலர் இருப்பார்கள். அவர்களுள் பாடத் தெரிந்தவரும் பேசத் தெரிந்தவரும் உண்டா என்று விசாரியுங்கள். உண்டு என்றால், நிரலில் அவர்கள் பெயரைச் சேர்த்தபின் அதை அச்சுக்கு அனுப்புங்கள்.