கடலைப் படம்பிடித்த கூஸ்டோ: டைனமைட் வெடித்தவர் காவலர் ஆன கதை!

பிரான்ஸ் கடற்படையில் விமானி ஆகணும்னு கனவு கண்டவர் ஜாக் கூஸ்டோ. ஒரு கார் விபத்தில் கைகள் முறிய, கனவு கலைந்தது. கை தேற நீச்சலில் இறங்கியவரைக் கடல் விடவே இல்லை. 1943-ல் பொறியாளர் எமில் காஞ்யானுடன் சேர்ந்து, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் 'அக்வா-லங்' கருவியை உருவாக்கினார்.

1956-ல் வந்த 'தி சைலண்ட் வேர்ல்ட்' படம் கான் விழாவின் உயரிய விருதையும், ஆஸ்கரையும் வென்றது. ஆனா அதே படத்தில், மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையில் டைனமைட் வெடிக்கிறார்கள், சுறாக்களைக் கொல்கிறார்கள். இன்று பார்த்தால் பகீர்னு இருக்கும்.

பிறகு கூஸ்டோ மாறினார். 1960-ல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. டிவி தொடர்களில் கடலின் அழகோடு அழிவையும் காட்டினார். 1997-ல் மறையும்வரை கடலுக்காகவே பேசினார்.