தாயுமானவர் குருவை அடைந்த வரலாறு

திருவரங்கத்துக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டையை நாள்தோறும் காண்கின்றோம். அம்மலையில் எழுந்தருளிய இறைவன் திருப்பெயரையே தாங்கியவர் தாயுமானவர். இவர் தந்தையார், வேதாரணியத்துக் கேடிலியப்ப பிள்ளை, திருச்சிராப்பள்ளியில் ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்தவர். தந்தைக்குப்பின் மைந்தரும் அப்பதவியை ஏற்றனர். வடமொழியும் தென்மொழியும் கற்றும், அரண்மனையில் மதிப்புற்றும், அவர் மனம் அமைதி பெற்றிலது.

அக்காலத்தே மலைக்கோட்டைச் சாரமாமுனிவர் மடத்தில் மௌனகுரு என்னும் பெரியார் இருந்தனர். திருமூலர் மரபில் வந்தவர் என்பர். பெயருக்கேற்பப் பேச்சருகியவர். தாயுமானவர் அவர் அடி வீழ்ந்து, உடன்வர விடை வேண்டினர். கூட்டம் சேர்க்க விரும்பும் குருவாயின், அரசாங்க அதிகாரி ஒருவர் வலிய வந்தபொழுது விட்டிருப்பரோ? இவரோ, இல்லறத்திலிருந்து பக்குவம் வருங்காறும் அமைதியாய்க் காத்திருக்கப் பணித்துத் தம் வழிச் சென்றனராம். இதனை முதன்முறை படித்தபொழுது, கேட்டவரைக் கைவிட்டனரே என்று நாம் வருந்தினோம். பொருளும் பணிவிடையும் வேண்டாதார்க்கன்றோ அவ்வாறு அனுப்ப இயலும் என்பது பின்னரே விளங்கிற்று.

1732-இல் நாயக்கர் இறக்க, அரசி மீனாட்சி ஆட்சி எய்தினர். தாயுமானவர் பதவி துறந்து இராமநாதபுரம் பக்கம் சென்றனர். உறவினர் அவரை அழைத்துவந்து மட்டுவார்குழலி அம்மையாரை மணம் முடித்தனர். கனகசபாபதி என்னும் மகவு பிறந்தபின் அம்மையார் காலமாயினர். அதன்பின்னரே மௌனகுரு மீண்டுவந்து, முன்பு மறுத்த துறவை அருளினர் என்பது மரபு. இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் அடிகள் சமாதி இன்றும் உளது.