துயர் துடைத்த தூயவர் புனித சவேரியார்



சங்கரன்கோவில் கரிசல் மண்ணில் வாழும் நமக்குக் கடல் தூரம். ஆயினும் பாளையங்கோட்டையில் நம் மறைமாவட்டத் தலைமை ஆலயம் தாங்கி நிற்கும் பெயர், கடற்கரை மணலில் நடந்து தேய்ந்த ஒருவரின் பெயர். புனித பிரான்சிஸ் சவேரியார் என்றதும், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன கையும், கோவாவில் வைக்கப்பட்டுள்ள அவரது திருவுடலுமே நம் நினைவுக்கு வருகின்றன. பசித்தோருக்கு உணவைத் தோணிகளில் ஏற்றிச் சென்ற சவேரியாரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. யூபிலி ஆண்டில் அந்தச் சவேரியாரைச் சற்று அறிந்துகொள்வோம்.

வீடிழந்த சிறுவன்

ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில், சவேரியார் கோட்டையில் 1506 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். மறு ஆண்டு, போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களது கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. தன் வீடு இடிக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். வீடிழந்து ஓடி வந்தவர்களைக் கண்டபோதெல்லாம் பிற்காலத்தில் அவர் மனம் பதறியதற்கு இதுவும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியராகவும் இருந்தார். அங்கே புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரை மாற்றியது. 1537இல் வெனிஸ் நகரில், தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் புண் கழுவி, படுக்கை விரித்துப் பணி செய்தார். அதே ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

1538ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உரோமை நகரைக் கொடும் பஞ்சம் தாக்கியது. பசியாலும் குளிராலும் மக்கள் தெருக்களில் விழுந்து கிடந்தனர். இஞ்ஞாசியாரும் தோழர்களும் தாங்கள் குடியிருந்த வீட்டையே சத்திரமாக்கினர். தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வந்து, தீ மூட்டிக் குளிர் காயவைத்து உணவளித்தனர். இயேசு சபை முறைப்படி தோன்றுமுன்பே அதன் முதல் தோழர்கள் செய்த பணி இது.

கடலைக் கடந்து

1541 ஏப்ரல் 7, தம் பிறந்த நாளன்று, சவேரியார் லிஸ்பனில் கப்பலேறினார். 1542 மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார். திருத்தந்தையின் தூதர் என்ற பதவி அவருக்கு இருந்தது. ஆனால் அவர் தங்கிய இடம் மருத்துவமனை. சாகக் கிடப்பவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். ஞாயிறுதோறும் நகருக்கு வெளியே வாழ்ந்த தொழுநோயாளரிடம் சென்றார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகள் இருந்த வீடுகள் அனைத்திற்கும் அவர் ஒருவரால் போக முடியவில்லை. எனவே சிறுவர் சிறுமியர் கையில் தம் செபமாலையைக் கொடுத்து அனுப்பினார். பிள்ளைகள் போய், வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று செபித்தார்கள். நம் நாட்டுத் திருச்சபையின் தொண்டர் படைக்கு இந்தச் சின்னஞ்சிறு பரதவப் பிள்ளைகளே முன்னோடிகள் எனலாம்.

மொழி அறியாதவர் எப்படி ஆறுதல் தந்தார் என்று கேட்கலாம். புனித ரோக்கு, கொள்ளைநோய் கண்டவர்களுக்குத் தொண்டு செய்து, தாமும் நோயுற்றுக் காட்டில் கிடந்தபோது, ஒரு நாய் நாள்தோறும் ரொட்டி கொண்டுவந்து தந்ததாக மரபு கூறுகிறது. அமெரிக்காவில் லூத்தரன் சபையாரின் அறநிறுவனம் ஒன்று 2008 முதல், பேரிடரில் சிக்கிய மக்களிடம் பழக்கிய நாய்களை அழைத்துச் செல்கிறது. வாய்திறந்து பேசாத குழந்தைகூட அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது தேறுகிறதாம். நாய் ஒன்றும் சொல்வதில்லை; பக்கத்தில் படுத்திருக்கிறது, அவ்வளவே. பக்கத்தில் இருப்பதே பாதி ஆறுதல். சவேரியார் அதை அறிந்திருந்தார்.

1544ஆம் ஆண்டுத் துயரம்

அந்த ஆண்டு ஜூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பகுதியைச் சூறையாடியது. இது அரசர்களின் சண்டை. எந்த இனத்தாரையும் பழிக்க இதை எழுதவில்லை. கரையோரக் கிறிஸ்தவர்கள் உயிர் தப்பக் கடலிலுள்ள பாறைகளில் போய் ஒண்டினர். அங்கே உணவில்லை, குடிக்க நீரில்லை. பசியாலும் தாகத்தாலும் பலர் மாண்டனர்.

செய்தி மணப்பாட்டுக்கு எட்டியதும், சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்று கடுமையாக வீசியது. துடுப்புப் போட்டும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முன்னேறவில்லை. பல நாள் கடலில் அல்லாடிவிட்டு, மனம் நொந்து மணப்பாடு திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. ஆடையும் உணவுமின்றி மணப்பாட்டுக்கு ஓடிவந்தவர்களைப் பேணினார். கொம்புத்துறை, புன்னைக்காயல், தூத்துக்குடி ஊர்களின் பட்டங்கட்டிகளுக்கு உதவி கேட்டு எழுதினார். அதில் ஒரு நிபந்தனை வைத்தார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து தருவதை மட்டுமே பெறவேண்டும், யாரையும் வற்புறுத்தக்கூடாது, ஏழைகளிடம் எதுவும் வாங்கக்கூடாது. மக்கள் செத்துக்கொண்டிருந்த வேளையிலும், இன்னொரு ஏழையின் வயிற்றில் அடித்துத் தருமம் செய்ய அவர் விரும்பவில்லை.

பின்னர் நிலவழியாகவே குமரிமுனைக்குச் சென்றார். வழியெல்லாம் அகதிகள். உண்ண ஏதுமில்லாதவர்கள் சிலர். நடக்க முடியாத முதியோர் சிலர். இறந்து கிடந்தோர் சிலர். வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரும் இருந்தனர். இதையெல்லாம் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய சவேரியார், படை மீண்டும் வந்தால் மக்கள் தோணியேறித் தப்ப நேரம் கிடைக்கும்படி இரவில் காவல் வைக்கச் சொன்னார். மக்களிடம் பொறுமை காட்டும்படி அவருக்கு அடிக்கடி அறிவுறுத்தினார்.

செப்டம்பரில் தூத்துக்குடிக்கு அதே கதி நேர்ந்தது. மக்கள் அருகிலுள்ள தீவுகளுக்கு ஓடினர். அவர்களுடன் போர்த்துக்கீசியத் தலைவரும் வீட்டையும் கப்பலையும் இழந்து தவித்தார். அவரது செயல்களால் சவேரியார் மிகவும் மனம் வருந்தியிருந்த காலம் அது. ஆயினும் தண்ணீரும் உணவும் ஏற்றிய தோணிகளோடு உடனே விரையுமாறு மான்சிலாசுக்கு ஆள் அனுப்பினார். துன்பத்தில் கிடப்பவன் நல்லவனா கெட்டவனா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அந்நாட்களில் வாழ்வே சலித்துவிட்டதென்று எழுதும் அளவுக்கு அவர் சோர்ந்ததும் உண்டு. ஆனால் சோர்வு அவர் காலைக் கட்டவில்லை.

பின்னர் மலாக்கா, மொலுக்கா தீவுகள், 1549இல் ஜப்பான் எனப் பயணம் தொடர்ந்தது. 1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனாவின் வாயிலில் ஒரு தீவில், 46 வயதில் உயிர் நீத்தார். 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நமக்கு என்ன?

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெருமழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. திருவைகுண்டம் நிலையத்தில் இரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு, அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் துன்பத்தையும் பாராமல் சமைத்துப் போட்டார்கள். பயணியின் சாதியையோ சமயத்தையோ அவர்கள் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்து நாம் கற்கவேண்டும்.

யூபிலி நினைவாகக் கொடிமரமும் வளைவும் கட்டுவது நல்லதே. அதோடு, அழைத்தவுடன் புறப்படும் இளைஞர் குழு ஒன்றும் நம் பங்கில் உருவாகட்டும். விரும்பியவர் மட்டும் சேரட்டும். இருப்பவர் மட்டும் கொடுக்கட்டும். கொடுக்க ஏதுமில்லாதவர், அழுகிறவர் பக்கத்தில் போய் உட்காரட்டும், அதுவும் தொண்டே. எதிர்காற்று வீசும், தோணி திரும்பும். அப்போது சவேரியாரைப் போல் கால்நடையாகவாவது போய்ச் சேருவோம்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறைப்பணியில்,
உங்கள் பங்குக்குரு