மரியா மாண்டிசோரியின் வாழ்வும் தொழிலாளர் குடியிருப்பு மழலையர் கல்வியும்: சான் லொரென்சோ முதல் அடையாறு வரை

ஆய்வுச் சுருக்கம்

மரியா மாண்டிசோரி (1870–1952) என்னும் பெயர் தமிழகத்தில் இன்று கட்டண மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளோடு இணைத்தே பெரிதும் அறியப்படுகிறது. ஆயின், ரோம் நகரத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட இல்லமே அவரது கல்விமுறையின் பிறப்பிடமாகும். அவரது வாழ்வைக் கால வரிசையில் தொகுத்துரைக்கும் இக்கட்டுரை, குழந்தையோடு குடும்பத்தையும் தாங்கும் நிறுவனமாகவே அவர் மழலையர் பள்ளியைக் கருதினார் என்பதையும், அக்கருத்தின் உண்மையான வழித்தோன்றல் அங்கன்வாடியே என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாண்டிசோரி, மழலையர் கல்வி, தொழிலாளர் குடியிருப்பு, அடையாறு, அங்கன்வாடி, மணலி புதுநகர்.

முன்னுரை

சென்னையின் வடபகுதியில் எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆகிய ஊர்கள் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்து வளர்ந்தவை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. உர ஆலையும் வேதிப்பொருள் ஆலைகளும் அதனைத் தொடர்ந்தன. இத்தொழில் வளாகத்தை ஒட்டி எழுந்த குடியிருப்புப் பகுதியே மணலி புதுநகர். இத்தகைய ஊரில் இளம் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பள்ளி வயதை எட்டாத குழந்தை பகற்பொழுதை யாரிடம் கழிக்கும் என்பது அன்றாடம் எழும் வினாவாகும். கூட்டுக்குடும்பத்தை ஊரில் விட்டுவந்தோர்க்கு அவ்வினா மேலும் கடுமையானது.

இதே வினா 1906ஆம் ஆண்டில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் எழுந்தது. அதற்கு விடை காண அழைக்கப்பட்டவர் மரியா மாண்டிசோரி. அவ்விடையின் பொருளை அவரது வாழ்வின் பின்னணியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் மருத்துவக் கல்வியும்

மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூற்பயிற்சி மிக்கவர். குடும்பம் 1875இல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்களுக்கு ஆசிரியப் பணியே உரியது எனக் கருதப்பட்ட காலத்தில் அவர் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார். பின்னர் மருத்துவம் பயில விரும்பினார். தந்தை உடன்படவில்லை, தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு பயில்வது முறையன்று எனக் கருதப்பட்டதால், பிறர் சென்றபின் பிணவறையில் தனித்திருந்தே அவர் பயில வேண்டியிருந்தது. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

அதே ஆண்டு பெர்லினில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என வாதிட்டார். உழைக்கும் பெண்ணின் நிலை குறித்த அக்கறை, கல்வியாளராவதற்கு முன்பே அவரிடம் வேரூன்றியிருந்ததை இது காட்டுகிறது.

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றியோர் எனப் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அங்கே கண்டார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவின் ஆகியோரின் நூல்களைக் கற்று, தொடுதல், பார்த்தல், அடுக்குதல் ஆகிய செயல்களின் வழி அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர்களுட் சிலர் பொதுப்பள்ளி மாணவர்க்குரிய எழுத்துத் தேர்வில் வென்றனர். இவ்வெற்றியைப் பலர் பாராட்டியபோது, நலமான குழந்தைகளை அதே மட்டத்தில் நிறுத்தி வைத்திருப்பது எது என்னும் எதிர்வினாவே அவருக்குள் எழுந்தது.

மகப்பேறும் பிரிவும்

மருத்துவமனையில் உடன் பணியாற்றிய ஜுசெப்பே மொந்தெசானோவுக்கும் மாண்டிசோரிக்கும் 1898 மார்ச் 31இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். இருவரும் மணந்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்பது வெளிப்பட்டால் அவரது மருத்துவப் பணியும் பொதுவாழ்வும் முடிவுற்றிருக்கும். குழந்தை ரோமுக்கு வெளியே நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டான். தாய், தான் இன்னார் என அறிவிக்காமலே அவனைச் சென்று பார்த்து வந்தார். 1901இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அவரோடு இணைந்து நடத்திவந்த பயிற்சிப் பள்ளியிலிருந்து மாண்டிசோரி விலகி, மீண்டும் மாணவியாக மெய்யியலும் மானிடவியலும் பயின்றார்.

பிறர் குழந்தைகளைப் பேணும் இல்லம் ஒன்றை உருவாக்கிய காலத்தில் அவரது சொந்த மகன் பிறர் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கூறுதல் மிகைக்கூற்றாகும். எனினும், தாய்மையையும் பணியையும் ஒருங்கே நடத்தவொட்டாத சமூக அமைப்பின் கடுமையை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார் என்பது தெளிவு.

சான் லொரென்சோ: குழந்தைகள் இல்லம்

சான் லொரென்சோ, 1880களின் கட்டுமானப் பெருக்கம் சரிந்தபோது அரைகுறையாக விடப்பட்ட கட்டடங்கள் நிறைந்த பகுதி. ஒரே அறையில் பல குடும்பங்கள் உள்வாடகைக்கு நெருங்கி வாழ்ந்தன. எதொவார்தோ தலாமோ என்னும் பொறியாளரின் தலைமையிலான கட்டட நிறுவனம் இவற்றைப் புதுப்பித்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட சிறுவர்கள் புதிய சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். பழுதுபார்க்கும் செலவைக் கொண்டே அவர்களை ஓர் அறையில் கூட்டிவைக்க நிறுவனம் முடிவு செய்தது. இதற்காகவே மாண்டிசோரி அழைக்கப்பட்டார். சுவரைக் காக்க எழுந்த திட்டம் குழந்தையைக் காக்கும் திட்டமாக மாறியது அவரால்தான்.

1907 சனவரி 6ஆம் நாள் ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளோடு இல்லம் திறக்கப்பட்டது. அதன் அமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, இல்லம் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அதை நடத்தும் பெண்ணும் அங்கேயே குடியிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. இரண்டாவது, வாடகையின் ஒரு பகுதியால் நடப்பதால் இல்லம் பெற்றோரின் பொதுச்சொத்து என மாண்டிசோரி விளக்கினார். தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம். மூன்றாவது, குழந்தையைத் தூய்மையாக அனுப்புவதும், வாரம் ஒருமுறை ஆசிரியையோடு பிள்ளையைப் பற்றி உரையாடுவதும் தாயின் கடமைகளாயின. இக்கடமைகளில் தவறுவோரின் பிள்ளைகளை விலக்கவும் விதி இருந்தது. இவ்விதியில் வறியோரைத் திருத்த முனையும் மேல்தட்டு நோக்கும் கலந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

செல்வர் வீட்டுப் பெண்களுக்குச் செவிலியரும் பணிப்பெண்களும் இருப்பதுபோல், உழைக்கும் பெண்ணுக்கும் தாய்மைப் பணியில் பகிர்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. பகலில் குழந்தையை விட்டுச்செல்லும் தாய் குற்றவுணர்வின்றி வேலைக்குச் செல்ல முடிய வேண்டும் என அவர் கருதினார்.

கற்பித்தல் முறையும் இவ்வறையில்தான் உருப்பெற்றது. ஆசிரியையாக அமர்த்தப்பட்டவர் முறையான பயிற்சி பெறாத இளம்பெண். மாண்டிசோரியோ கற்பிப்பதைக் காட்டிலும் உற்றுநோக்குவதையே மேற்கொண்டார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்கு மேல் செய்ததையும், சுற்றிலும் பாட்டும் ஆட்டமும் நிகழ்ந்தபோதும் அவள் கவனம் சிதறாததையும் அவர் கண்டார். மூக்குச் சிந்துவது எவ்வாறு என ஒருநாள் ஓசையின்றிச் செய்துகாட்டியபோது குழந்தைகள் கைதட்டி மகிழ்ந்தனர். அதற்காக ஓயாமல் கடிந்துகொள்ளப்பட்ட அவர்களுக்கு அதைச் செய்யும் முறையை அதுவரை எவரும் கற்பித்ததில்லை என அவர் உணர்ந்தார். எளியவர் பிள்ளையின் தன்மதிப்பைக் காத்தலே கல்வியின் தொடக்கம் என்னும் அவரது முடிவுக்கு இத்தகைய நிகழ்வுகளே அடிப்படை.

புகழும் முரண்களும்

1909இல் வெளிவந்த அவரது முறைநூல் விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தாய் ரெனில்டே 1912இல் மறைந்தபின், பதினைந்து வயதளவில் மரியோ அவரோடு வந்து வாழலானார். பொதுவெளியில் மருகன் என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். அமெரிக்கா, ஸ்பெயின், இங்கிலாந்து, நெதர்லாந்து எனப் பயணங்கள் பெருகின. இல்லங்கள் தொழிலாளர் பகுதிகளிலிருந்து நகர்ந்து வசதி படைத்தோர் பகுதிகளில் பெருகியதும் இக்காலத்தில்தான்.

1920களில் முசோலினி அரசின் ஆதரவை அவர் ஏற்றது அவரது வாழ்வின் பெரும் முரண். குழந்தையின் விடுதலையைப் பேசியவர் சர்வாதிகார அரசின் துணையோடு பள்ளிகளைப் பெருக்கினார். 1934இல் உறவு முறிந்து, இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரை 1936இல் அங்கிருந்தும் வெளியேற்றியது.

இதற்கிடையே 1931 அக்டோபரில் இலண்டனில் காந்தியடிகள் அவரது பயிற்சிக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். அங்கிருந்த குழந்தைகளின் ஒழுங்கைப் பாராட்டிய அவர், இந்தியச் சிற்றூர்களில் அரைவயிற்றோடு வாழும் குழந்தைகளையும் நினைவுகூர்ந்தார். ஏழைக் குழந்தைக்கு இம்முறை எட்டுமா என்னும் வினா, சான் லொரென்சோவையே அதன் தோற்றுவாயரிடம் நினைவூட்டிய வினாவாகும்.

அடையாற்றில்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் மாண்டிசோரி மரியோவோடு சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடைபெற்ற முதல் பயிற்சியில் ஏறத்தாழ முந்நூறு பேர் பங்கேற்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்கள் தங்க வந்தவர் போரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவராயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாற்று வளாகத்தைவிட்டு நீங்கத் தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 31ஆம் நாள் அவரது எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து வந்த தந்தி, பிறந்தநாள் பரிசாக மரியோ விடுவிக்கப்படுவதை அறிவித்தது. அதில் மரியோ மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். நாற்பதாண்டுகளாக உலகிலிருந்து மறைக்கப்பட்ட உறவு, அயல்நாட்டு அரசொன்றின் தந்தியில் அவ்வாறு பெயர்பெற்றது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது, சிறுவர்களோடு இயற்கையை உற்றுநோக்கி அண்டம் தழுவிய கல்வி என்னும் கருத்தை வளர்த்தார். பின்னர் அகமதாபாத், கொழும்பு முதலிய நகரங்களில் பயிற்சியளித்தார். இந்தியாவில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அகமதாபாத் உரைகளின் அடிப்படையில் அமைந்த உறிஞ்சும் மனம் குறித்த நூல் 1949இல் அடையாற்றிலேயே வெளியிடப்பட்டது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்துக்கு அந்நூலில் சிறப்பிடம் உண்டு. தாய் தன் குழந்தையைச் செல்லுமிடமெல்லாம் உடன் தூக்கிச் செல்லும் வழக்கத்தை அவர் கல்வியாகவே கண்டார். சந்தையிலும் தெருவிலும் தாயின் பேச்சைக் கேட்டே குழந்தை மொழியைப் பெறுகிறது என விளக்கினார்.

தமிழ் மரபுக்கு இக்கருத்து அயலானதன்று. செங்கீரை, சப்பாணி, வருகை, சிற்றில், சிறுபறை எனப் பிள்ளைத்தமிழ் வகுக்கும் பருவங்கள் குழந்தையின் உடலசைவையும் விளையாட்டையும் உற்றுநோக்கி அமைந்தவை. இலக்கிய மரபு பாராட்டுதற்பொருட்டு நோக்கியதை மாண்டிசோரி பேணுதற்பொருட்டு நோக்கினார். இருவகை நோக்கிலும் குழந்தை தன் பருவத்துக்குரிய செயலாலேயே அறியப்படுகிறது.

1946இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, 1947இல் மீண்டும் அடையாறு வந்து 1949 வரை இத்துணைக்கண்டத்தில் பணியாற்றினார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் நகரில் மறைந்தார். அவரது இறுதி விருப்பமுறி மரியோவை மகன் என்றே உரைத்தது.

முடிவுரை

காந்தியடிகளின் வினாவுக்கு விடை இந்தியரிடமிருந்தே வந்தது. கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் தொடங்கிய பால மந்திர், மாண்டிசோரி முறையை இந்தியச் சூழலுக்கு இயைவித்தது. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் போர்டி என்னும் கடலோரச் சிற்றூருக்குச் சென்று, ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். பள்ளிக்கு வராத குழந்தைகளை நாடிக் குடியிருப்பின் முற்றத்துக்கே சென்ற அம்முயற்சியிலிருந்து அங்கன்வாடி என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது. தமிழகத்தில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிமுன் பருவக் குழந்தைகளையும் உள்ளடக்கி அதற்கு வலுவூட்டியது.

எனவே, மணலி புதுநகர் போன்றதொரு தொழிலாளர் குடியிருப்பில் கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் மழலைக்கும் ஒருங்கே பணியாற்றும் அங்கன்வாடி, மாண்டிசோரியின் பெயரைத் தாங்கிய கட்டணப் பள்ளியைவிடச் சான் லொரென்சோ இல்லத்துக்கு நெருங்கிய உறவுடையது. அதேவேளை, அவ்வில்லத்தின் இரு கூறுகள் இன்னும் முழுமையாக எய்தப்படவில்லை. ஒன்று, ஷிப்டு முறையில் உழைக்கும் பெற்றோரின் வேலைநேரத்தோடு குழந்தை காப்பு நேரம் இயைதல். மற்றொன்று, பெற்றோர் அம்மையத்தைத் தமதெனக் கருதும் உரிமையுணர்வு. இவற்றோடு, நடுவணரசின் திட்ட விதிகளில் மதிப்பூதியப் பணியாளராகவே வைக்கப்பட்டுள்ள அங்கன்வாடிப் பெண்களின் நிலையையும் சேர்த்துக் கருத வேண்டும். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 1896இல் பெர்லினில் பெண்ணின் உழைப்புக்கு உரிய கூலி கேட்டவரின் வாழ்வு வரலாறு, குழந்தையைப் பேணும் கைகளின் கூலியையும் கணக்கில் கொண்டே படிக்கத்தக்கது.