உழைப்பாளர் சிலை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி

சென்னைக்குச் செல்லும் நம் பகுதி மக்களில், மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைக் காணாது திரும்புவோர் மிகச் சிலரே. அரையில் துணியுடன் நால்வர், ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க உடல் முறுக்கி நிற்கும் காட்சி அது. சிலையை அறிந்த நாம், அதனை வடித்த பெருமகனாரை அறிந்தோமில்லை. அக்குறையை இவ்வெள்ளி விழா மலரில் ஓரளவேனும் போக்குவது என் விருப்பம்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் உள்ள ரங்கப்பூர்ப் பகுதியில், தாஜ்ஹாட் என்னும் ஊரில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பம் கற்றார். கீழ்நாட்டு ஓவிய மரபின் மென்மையும், மனித உடலின் நரம்பையும் தசையையும் உள்ளவாறு காட்டும் மேனாட்டுச் சிற்ப முறையின் வலிமையும் அவர் கையில் ஒன்றாயின. மற்போரிலும் புல்லாங்குழலிலும் அவர் வல்லவர். வங்க மொழியில் கதைகளும் எழுதியவர்.

1929இல் சென்னை அரசினர் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1850இல் டாக்டர் ஹண்டர் தொடங்கியது அப்பள்ளி. முதல் இந்தியத் தலைவர் இவரே. ஏறத்தாழ 28 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்ற கலைஞர்கள் அவரிடம் உருவாயினர். அக்கலைக்கூடத்தை அடுத்திருப்பது, நம் ஊர்த் தோல்கள் சென்று விலைபோகும் பெரியமேடு என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அதனைச் சௌத்ரி வெண்கலப் புடைப்புச் சிற்பமாக வடித்தார். கையொப்பம் மன்னருடையது, அதற்கு வழி சமைத்தவையோ அய்யன்காளியின் நெடும் போராட்டமும் 1924-25 வைக்கம் அறப்போரும் ஆகும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கப் போராடிய அய்யன்காளியை நம் சங்கத்தார் மறத்தலாகாது. சௌத்ரி இயக்கம் நடத்தியவரல்லர், மேடையேறி முழங்கியவருமல்லர். எனினும் அரசரையும் ஆளுநரையும் வடித்த அதே கையால் பசித்தோரையும் தெருவோரத்து எளியோரையும் அவர் வடித்தார்.

1942 ஆகஸ்டில் பாட்னாவில் கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களுக்கு அவர் அமைத்த நினைவுச் சிலை 1956இல் திறக்கப்பட்டது. 1954இல் தொடங்கிய லலித் கலா அகாதமியின் முதல் தலைவராக இருந்தார். 1955இல் டோக்கியோ சென்று யுனெஸ்கோ கலைக் கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கினார். 1958இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

அவர் பெயரை நிலைநிறுத்திய உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். மெரினாவில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகள் சிலையும் சௌத்ரியின் கைவண்ணமே. தண்டி யாத்திரையைக் காட்டும் புதுதில்லிப் பதினோரு உருவச் சிலைத் தொகுதி அவருடைய இறுதிப் பெரும்பணி. 1975இல் அவர் மறைந்தார்.

வெண்கலச் சிலை எடுத்தவுடன் வெண்கலத்தில் பிறப்பதன்று. முதலில் களிமண்ணைப் பிசைந்து உருவமைத்து, அச்செடுத்து, பின்னரே உலோகத்தை உருக்கி வார்க்க வேண்டும். ஜமீன் வீட்டில் பிறந்தவர் வாழ்நாள் முழுதும் சேறு படிந்த கையராய் இருந்தார், அதனை இழிவென்று அவர் கருதவில்லை, உலகமும் கருதவில்லை.

இதனை எழுதும் நான் சிறுவனாய் இருந்தபோது, பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் விவசாயம் என்று எழுதினேன். என் தந்தையார் உழுததற்கு ஒரு காணி நிலமும் இல்லை. ஆம்பூர்த் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, ஊறிக் கனத்த தோல்களைத் தூக்கிப் போடும் வேலை அவருக்கு. அவர் கையின் புண்ணும் உடையின் வாடையும் எனக்கு வெட்கமாய் இருந்தன. ஆசிரியரான பின், மாணவரை அழைத்துக்கொண்டு மெரினா சென்ற நாளில், அந்நால்வருள் ஒருவரின் வளைந்த முதுகைக் கண்டு நின்றுவிட்டேன். அது என் தந்தையாரின் முதுகு. அரசாங்கம் கடற்கரையில் பீடம் கட்டி வைத்திருந்த ஒன்றை, நான் படிவத்தில் மறைத்திருந்தேன்.

அன்று முதல், மாணவர் சேர்க்கையின்போது தந்தையின் தொழிலைக் கூறத் தயங்கும் பிள்ளைகளிடம் அச்சிலையைப் பற்றிச் சொல்லி வருகிறேன். ஆனால் அது மட்டும் போதாது. பாறையைப் பெயர்ப்போராகச் சிலையில் நிற்பவர் நம்மவர். வடித்தவர் ஜமீன் வீட்டுப் பிள்ளை. இனிச் சிலையை வடிக்கும் கைகளும் நம் இல்லங்களிலிருந்து புறப்படல் வேண்டும். 25 ஆண்டுகளாக நம் சங்கம் பெயர்த்துவரும் பாறை அதுவே. பெற்றோர்களே, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இடையில் நிறுத்தாதீர்கள். நெம்புகோலை நடுவழியில் விட்டால் பாறை மீண்டும் பழைய இடத்திற்கே உருளும்.