பிரவுன்சீ தீவும் பேடன் பவல் பிரபுவும்

நம் ஆலயத் திருவிழாவன்று தேர்ப் பவனிக்கு முன்னே கூட்டத்தை ஒதுக்கி வழியமைத்துத் தரும் சாரணச் சிறுவர்களைப் பங்கு மக்கள் அனைவரும் அறிவர். கழுத்தில் வண்ணத் துண்டு, கையில் கோல், முகமெல்லாம் வியர்வை. அந்தத் துண்டை முதன்முதல் சிறுவர் கழுத்தில் கட்டிவிட்டவர் யார் என்று சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் கேட்டோம். பேடன் பவல் என்ற பெயரைப் பலரும் சொன்னார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர்களும் புன்னகையோடு நின்றுவிட்டார்கள். எனவேதான் இம்மலரில் அவரது வாழ்வைச் சற்று விரிவாக எழுத முன்வந்தோம்.

இராபர்ட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பெப்ருவரி 22ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் சபைக் குரு. ஆக்ஸ்போர்டில் வடிவக்கணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலமானார். பெரிய குடும்பத்தின் பாரம் முழுவதும் தாய் ஹென்றியேட்டாவின் தோளில் விழுந்தது. மனவுறுதி மிக்க அம்மையார் அவர். பிள்ளைகள் ஒருவரையும் தவறவிடாமல் ஆளாக்கினார். இராபர்ட் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பயின்றார். பாடத்தில் சுமார்தான். பள்ளியை அடுத்திருந்த சிறு காட்டுக்குள் ஆசிரியர் கண்ணில் படாமல் நுழைந்து, முயல் பிடித்து, புகை எழாதபடி தீ மூட்டிச் சமைத்துத் தின்பதில் அவர் கெட்டிக்காரர். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. இராணுவத் தேர்வு எழுதிச் சிறப்பாகத் தேறி, 1876இல் லக்னோவில் 13ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். ஆக, அவர் பணிவாழ்வு தொடங்கியதே நம் பாரத மண்ணில்தான்.

போர்க்களங்களை எல்லாம் நாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றிரண்டை மட்டும் சொல்லியாக வேண்டும். 1896இல் மட்டபிலி நாட்டில் நடந்த போரின்போது, பிடிபட்ட ஊவினி என்ற தலைவரை இவரது ஆணையின்பேரில் சுட்டுக் கொன்றார்கள். இராணுவ விசாரணை நடந்தது. இவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1899 அக்டோபர் முதல் 1900 மே 17 வரை 217 நாட்கள் மாபெகிங் நகரைப் போயர் படைகள் முற்றுகையிட்டன. சிறு படையோடு நகரைக் காத்து நின்ற இவரை இங்கிலாந்து முழுவதும் கொண்டாடியது. நாற்பத்து மூன்றாம் வயதிலேயே மேஜர் ஜெனரல் ஆனார். ஆனால் அதே நகருக்குள் உணவுப் பங்கீட்டில் வெள்ளையருக்கு ஓர் அளவு, கறுப்பருக்கு ஓர் அளவு. பசியால் மடிந்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க மக்களே. இதில் அவரது பொறுப்பு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் வாதிடுகிறார்கள். விழா மலரில் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். புனிதர்களின் வரலாற்றிலேயே அவர்களது குறைகளைப் படிக்கிறோம். இவர் புனிதரும் அல்லர்.

முற்றுகை நாட்களில் அவர் கண்ட ஒரு காட்சிதான் பின்னாளில் பெரிய மரமாக வளர்ந்தது. ஆள் பற்றாக்குறையால் நகரத்துச் சிறுவர்களைச் சேர்த்துச் சிறு படை அமைத்திருந்தார்கள். அவர்கள் முதலில் கழுதை மீதும் பின்னர் மிதிவண்டியிலும் ஏறிக் குண்டு விழும் தெருக்களில் செய்தி கொண்டு போனார்கள். பொறுப்பை நம்பிக் கொடுத்தால் சிறுவன் அதைக் காப்பாற்றுவான் என்பதை அந்தப் படைத்தலைவர் அங்கேதான் கண்டார்.

தாயகம் திரும்பியபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. படைவீரர்களுக்கென்று அவர் எழுதிய உளவுப் பயிற்சி நூலை ஆசிரியர்களும் சிறுவர்களும் வாங்கி, அதைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாய்ஸ் பிரிகேட் என்ற சிறுவர் அமைப்பை நிறுவிய வில்லியம் ஸ்மித், அந்நூலைச் சிறுவர்க்கு ஏற்றவாறு திருத்தி எழுதும்படி தூண்டினார். அமெரிக்காவில் காட்டுவாழ்க்கைப் பயிற்சி அளித்து வந்த எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டனும் 1906இல் தம் நூலை அனுப்பிவைத்தார். தம்மிடமிருந்து எடுத்தவற்றுக்குத் தக்க நன்றி கூறப்படவில்லை என்று சீட்டன் பிற்காலத்தில் மனம் வருந்தியதுண்டு. அதில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

எழுதுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டும் என்று பேடன் பவல் நினைத்தார். அதற்கு இடம் தேடியபோது நினைவுக்கு வந்தது பிரவுன்சீ தீவு. இங்கிலாந்தின் தென்கரையில், புரோம், பிடில் என்ற ஆறுகள் வந்து கலக்கும் பூல் துறைமுக நீர்ப்பரப்பின் நடுவே அத்தீவு உள்ளது. நீளம் ஒன்றரை மைல், அகலம் முக்கால் மைல். பைன் மரக்காடு, புதர், மணற்கரை, சேற்று ஓடை எல்லாம் அதில் உண்டு. சிறுவயதில் சகோதரர்களோடு படகில் சுற்றித் திரிந்த இடம். வேடிக்கை பார்ப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் எளிதில் வந்து தொல்லை தர முடியாது. தீவின் உரிமையாளர் சார்லஸ் வான் ரால்ட் மகிழ்ந்து இடம் கொடுத்தார்.

1907 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபது சிறுவர்கள் அங்கே கூடினார்கள். இந்தச் சிறுவர்களை அவர் தேர்ந்தெடுத்த விதத்தைப் பங்கு மக்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒரு பாதியினர் ஈட்டன், ஹாரோ போன்ற பெரும் பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள். மறுபாதியினர் பூல், போர்ன்மவுத் நகரங்களில் பிரிகேட் படையில் இருந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். செல்வர் பிள்ளைக்கு முகாம் கட்டணம் ஒரு பவுன். மற்றவருக்கு மூன்றரை ஷில்லிங். அக்கால இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒரே மேசையில் உண்பது கிடையாது. பேச்சு வழக்கிலிருந்தே யார் எந்தத் தெரு என்று கண்டுகொள்வார்கள். பேடன் பவல் அவர்களைக் கலந்து ஓநாய், காளை, குர்லியூ என்னும் நீண்ட அலகுடைய நீர்ப்பறவை, அண்டங்காக்கை ஆகிய பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வண்ணத்தில் தோள்முடிச்சு. ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, குர்லியூவுக்கு மஞ்சள், அண்டங்காக்கைக்குச் சிவப்பு. அன்றுமுதல் பையன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதல்ல, எந்த அணி என்பதே பேச்சு.

விடியற்காலையில் பேடன் பவல் மட்டபிலிப் போரில் கிடைத்த குடு மான் கொம்பை ஊதுவார். சிறுவர் எழுந்து, சிற்றுண்டி உண்டு, உடற்பயிற்சி செய்து, செபம் சொல்லிக் கொடி வணக்கம் செய்வர். அந்தக் கொடி மாபெகிங்கில் பறந்த கொடி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள்: பாசறை வாழ்வு, கூர்ந்து நோக்கல், காட்டறிவு, வீரப்பண்பு, உயிர்காத்தல், நாட்டுப்பற்று. நண்பகல் உணவுக்குப் பின் கட்டாய ஓய்வு. இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து ஆப்பிரிக்கக் கதைகளும் சூலு மக்களின் பாட்டும். ஒவ்வோர் இரவும் ஓர் அணி மாவும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பெற்றுக்கொண்டு தனியே போய், தானே சமைத்து உண்டு, காவல் வைத்து அங்கேயே இரவைக் கழிக்க வேண்டும். பெரியவர் ஒருவரும் உடன் போவதில்லை. அணித்தலைவனாகிய சிறுவனே பொறுப்பு. அவனை அவனது மானத்தின்மேல் நம்பி விட்டுவிடுவதுதான் முழுப் பயிற்சியின் உயிர்நாடி.

இங்கே நம் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டும். முன்னர் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் ஆற்றங்கரைத் தோப்பில் சாரணர் முகாம் போட்டோம். இரண்டு தெருச் சிறுவர்களை ஒரே கூடாரத்தில் படுக்க வைத்திருந்தோம். இரவு பத்து மணிக்குப் பெரியவர்கள் இருவர் டார்ச் விளக்கோடு வந்து நின்றார்கள். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தொடங்கி, சுற்றி வளைத்துப் பேசி, தங்கள் பிள்ளைகளை எழுப்பி அழைத்துச் சென்றார்கள். மறுநாள் காலையில் அவர்களுள் ஒரு பையன் மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஓடி வந்து தன் அணியோடு கஞ்சிக்கு உட்கார்ந்துவிட்டான். நாம் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிரவுன்சீ முகாமைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் கண்முன் வருகிறான்.

தீவிலிருந்து திரும்பியவர் எழுத உட்கார்ந்தார். 1908 ஜனவரி முதல் ஆறு பகுதிகளாகச் சிறுவர்க்கான சாரணர் நூல் வெளிவந்தது. அமைப்பு ஒன்றைத் தொடங்கும் எண்ணம் முதலில் அவருக்கு அவ்வளவாக இல்லை. இருக்கும் அமைப்புகளுக்கு உதவினால் போதும் என்றிருந்தார். சிறுவர்கள் அவரைக் காத்திருக்க விடவில்லை. புத்தகத்தை வாங்கி, தாங்களே அணி அமைத்து, பிறகு தலைவர் வேண்டும் என்று பெரியவர்களைத் தேடிப் போனார்கள். 1909இல் இலண்டன் பளிங்கு அரண்மனையில் நடந்த கூட்டத்திற்குச் சிறுமிகளும் சாரணர் தொப்பியோடு வந்து நின்றார்கள். சாரணியர் இயக்கம் அவ்வாறு பிறந்தது. 1910இல் அவர் படையை விட்டு விலகி முழுநேரமும் இப்பணிக்கு வந்தார். 1912இல் கப்பல் பயணத்தில் சந்தித்த ஒலேவ் அம்மையாரை மணந்தார். இருவருக்கும் ஒரே பிறந்தநாள். வயதில் மட்டும் முப்பத்திரண்டு ஆண்டு வேறுபாடு! மூன்று மக்கள் பிறந்தனர்.

கத்தோலிக்கத் திருச்சபையில், குறிப்பாகப் பிரான்சு நாட்டில், தொடக்கத்தில் இந்த இயக்கத்தின்மேல் ஐயம் இருந்தது. அதைப் போக்கியவர் இயேசு சபைக் குரு ஜாக் செவென். 1913இல் இங்கிலாந்து சென்று பேடன் பவலைக் கண்டு பேசி, 1920இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பு உருவாக உழைத்தார். இவர் 2012இல் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார்.

1920இல் இலண்டனில் முதல் உலகப் பேரணி. அங்கே கூடிய சிறுவர்கள் அவரை உலகத் தலைமைச் சாரணராக ஏற்றனர். இந்தியாவில் நிலைமை வேறு. 1909இலேயே இயக்கம் இங்கு வந்தும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே அதில் இடம். நம் பிள்ளைகளுக்குக் கதவு அடைப்பு. ஆகவே சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் அமைப்பைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அவரது அமைப்பு உலக இயக்கத்தோடு இணைந்தது. தீவில் செல்வரையும் ஏழையரையும் ஒன்றாக உட்கார வைத்தவரின் இயக்கம், இங்கே நிறம் பார்க்காமல் உட்காரப் பன்னிரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. 1937இல் டில்லிப் பேரணிக்கு அவர் மீண்டும் வந்தார். பின்னர் இந்தியரின் பண்பைக் குறைத்து அவர் பேசியதாக வெளிவந்த செய்தி பலரைப் புண்படுத்தியது. 1938இல் இந்துஸ்தான் சாரணர் அமைப்பு பிரிந்து எழுந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7இல்தான் சாரணர் அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது.

முதுமையில் உடல் தளரவே 1938இல் மனைவியோடு கென்யா நாட்டு நியேரிக்குச் சென்று சிறு வீட்டில் வாழ்ந்தார். ஓவியம் தீட்டுவதும் பறவைகளைப் பார்ப்பதுமாக நாட்கள் கழிந்தன. 1941 ஜனவரி 8ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

பிரவுன்சீ தீவை 1927இல் ஓர் அம்மையார் விலைக்கு வாங்கி, வெளியார் வருவதைத் தடுத்துவிட்டார். 1934இல் பெருந்தீ பிடித்துக் காட்டின் பெரும்பகுதி எரிந்தது. அவர் இறந்தபின் 1962இல் தீவு தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது; மறு ஆண்டு சாரணர் மீண்டும் அங்கே கூடாரம் அடித்தனர். 2007 ஆகஸ்டு 1ஆம் நாள் காலை வேளையில், உலகெங்கும் உள்ள சாரணர் தத்தம் இடத்தில் நின்று வாக்குறுதியைப் புதுப்பித்தபோது, பல நாட்டுச் சிறுவர் அத்தீவிலும் கூடியிருந்தனர்.

நியேரியில் கென்யா மலையை நோக்கி அமைந்த அவரது கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறித்திருக்கிறார்கள். காட்டுவழியில் முன்னே சென்ற சாரணன், தான் வீடு திரும்பிவிட்டதைப் பின்வருவோர்க்குத் தெரிவிக்கத் தரையில் கீறி வைக்கும் அடையாளம் அது. 1977இல் மறைந்த ஒலேவ் அம்மையாரின் சாம்பலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.