மலபாரியின் எழுதுகோல்

பெஹ்ராம்ஜி மலபாரி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே, அவர் சேரநாட்டுக் கடற்கரையில் பிறந்தவர் என்றே நம்மில் பலரும் எண்ணிவிடுவோம். உண்மை அதுவன்று. அவர் பரோடாவில் 1853 ஆம் ஆண்டு மே திங்களில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் பரோடா அரசில் சிறிய ஊதியம் பெற்ற எழுத்தர். குழந்தையின் சிறு பருவத்திலேயே தாயார் பிகிபாய் மகனை எடுத்துக்கொண்டு சூரத் நகருக்கு வந்துவிட்டார். அங்கே மேர்வான்ஜி என்னும் வணிகர் சிறுவனைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். மலையாளக் கரையிலிருந்து சந்தனமும் நறுமணப் பொருள்களும் தருவித்து விற்றமையால் அவ்வணிகருக்கு வந்த பட்டப்பெயரே மலபாரி என்பது. வளர்ப்புத் தந்தையின் கடைப் பெயர் மகனுக்கு வாழ்நாள் பெயராயிற்று.

தாயார் வாந்திபேதிக்கு இரையானபோது மலபாரிக்குப் பன்னிரண்டு வயது அளவே இருக்கும். அந்த இழப்புத்தான் பிற்காலத்திலே மகளிர் துயரின்பால் அவர் உள்ளத்தைத் திருப்பியது என்பர் அவர் வாழ்க்கையை எழுதியோர். நாமும் அதனை மறுப்பதற்கில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் வயிற்றைக் கழுவிக்கொண்டு, சூரத்திலிருந்த அயர்லாந்துப் பாதிரிமார் பள்ளியிலே அவர் பயின்றார். கணக்கு மட்டும் அவருக்கு வரவேயில்லை. மெட்ரிகுலேஷன் தேர்விலே மும்முறை தோற்று, 1871 இல்தான் தேறினார். இன்று கணக்கிலே தோற்று மனம் வெதும்பும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

கணக்கு வராதவருக்குக் கவிதை வந்தது. 1875 இல் குஜராத்தி மொழியில் நீதிவினோத் என்னும் நூலையும், அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு கவிதைத் தொகுதியையும் வெளியிட்டார். ஆயினும் அவரை நாடறியச் செய்தது கவிதையன்று, செய்தித்தாள். 1880 இல் இண்டியன் ஸ்பெக்டேட்டர் என்னும் ஆங்கில வார இதழ் அவர் கைக்கு வந்தது. அதன் ஆசிரியரும் அவரே, பிழைதிருத்துபவரும் அவரே என்று சொல்லத்தக்க நிலையில் அவ்விதழ் இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனை அவர் நடத்தினார். 1883 முதல், தாதாபாய் நௌரோஜி, வெட்டர்பர்ன் ஆகியோரின் துணையோடு, வாய்ஸ் ஆஃப் இண்டியா என்னும் திங்களிதழும் வெளிவந்தது. இந்நாட்டு இதழ்கள் பலவற்றிலும் வெளியான கருத்துகளைத் திரட்டி ஆங்கிலேயர் கண்முன் வைப்பதே அதன் பணி. ஒரு செய்தி யாருடைய காதிலே விழுந்தால் பயன் விளையும் என்று கணித்து, அக்காதிலே அதனைச் சேர்ப்பிக்கும் கலையை அவர் அங்கே கற்றுக்கொண்டார் எனலாம்.

அக்கலை 1884 ஆகஸ்டுத் திங்களில் வெளிப்பட்டது. குழந்தை மணம் குறித்து ஒன்றும், வற்புறுத்தப்பட்ட கைம்மை குறித்து ஒன்றுமாக இரண்டு குறிப்புகளை வரைந்து, வைசிராய் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பினார். அத்துடன் நின்றிருந்தால் அவை கோட்டையிலே ஏதேனும் ஒரு கட்டில் தூசி படிந்து கிடந்திருக்கும். அவரோ அவற்றை அச்சிட்டு, நாடெங்குமுள்ள அதிகாரிகள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள், பண்டிதர்கள், இதழாசிரியர்கள் ஆகியோருக்கு ஆயிரக்கணக்கில் அஞ்சலில் விடுத்து, கருத்துக் கேட்டார். ஏற்றவர் கடிதமும் வந்தது. ஏசியவர் கடிதமும் வந்தது. இரண்டையும் அவர் அச்சேற்றினார். எதிர்ப்பையும் வெளியிடுவதனால் பேச்சு வளரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குறிப்புகளிலே அவர் கேட்டவை இன்று நமக்கு மிக எளியனவாகத் தோன்றும். மணமான இளைஞரைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றல் வேண்டா. அரசுப் பணியிலே மணமாகாதவருக்கு முதன்மை தருக. இளமை மணத்தின் தீமையைப் பாடநூலிலே சேர்த்திடுக என்பன போன்றவையே அவை. அவற்றிற்கே நாடு கொதித்தது. பார்சி ஒருவர் இந்துக்களின் இல்லறத்தைப் பற்றிப் பேசலாமா என்பது முதல் வினா. அயலார் அரசு நம் சமயத்திலே கை வைக்கலாமா என்பது இரண்டாவது. முதல் வினாவிற்கு மலபாரி எத்தனை முறை விடை கூறியும் அது ஓயவில்லை. 1886 இல் இந்திய அரசு, சட்டம் இயற்றுவதற்கில்லை என்று கையை விரித்துவிட்டது.

இதற்கிடையே ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. அவர் ருக்மாபாய். பதினொரு வயதிலே தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்விக்கப்பட்டவர். கணவன் வீடு செல்லாது, மருத்துவரான தம் மாற்றாந்தந்தை சகாராம் அர்ஜுன் இல்லத்திலேயே வளர்ந்து கல்வி கற்றவர். தம்முடன் வந்து வாழவேண்டும் என்று கணவர் 1884 இல் வழக்குத் தொடுத்தார். 1885 இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழிலே, இந்துப் பெண்மணி ஒருத்தி என்னும் மறைபெயரில் குழந்தை மணத்தின் கொடுமைகளை விரித்துரைக்கும் கடிதங்கள் வெளிவந்தன. எழுதியவர் ருக்மாபாயே. அதுவரை ஆடவர் பெண்களைப் பற்றி எழுதினர். இப்பொழுது துன்புற்றவரே எழுதினார். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

அவ்வாண்டு நீதிபதி பின்ஹே அவர் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலே அது தள்ளுபடியாயிற்று. 1887 மார்ச்சில், கணவனிடம் செல்க, இன்றேல் ஆறு திங்கள் சிறை என்று நீதிபதி ஃபாரன் ஆணையிட்டார். சிறையையே ஏற்பேன் என்றார் ருக்மாபாய். மலபாரியும் நண்பர்களும் ருக்மாபாய் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தனர். இண்டியன் ஸ்பெக்டேட்டர் வாரந்தோறும் அவ்வழக்கை விடாது பேசியது. இங்கிலாந்து இதழ்களும் அதனை எடுத்துக்கொண்டன. இறுதியில் 1888 இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு கணவர் தம் உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று வந்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் மருத்துவத் தொண்டாற்றி, 1955 இல் மறைந்தார்.

1890 ஆம் ஆண்டு மலபாரி கடல் கடந்து லண்டன் சென்றார். அங்கே இந்திய மகளிரின் பெயரால் முறையீடு ஒன்றை வெளியிட்டார். தி டைம்ஸ் இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். பெருமக்கள் பலரைக் கண்டு ஒரு குழுவை அமைப்பித்தார். பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவர் முயற்சியை ஆதரித்தவரே. மலபாரியின் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்னுரை வழங்கியவரும் அவ்வம்மையாரே. ஆயின் இவ்விடத்தே நமக்கு ஒரு தயக்கம் உண்டு. நம் வீட்டு அழுக்கை ஆள்வோர் முற்றத்திலே கொண்டுபோய்க் கொட்டினார் என்று அந்நாளைய நாட்டுப்பற்றாளர் சினந்தனர். அச்சினம் முழுதும் பொய்யன்று. இந்தியரை இழித்துப் பேச வாய்ப்புத் தேடியிருந்தோர்க்கு அவருடைய எழுத்து மெல்ல ஒரு பிடி அவல் ஆயிற்று. ஆனால் இந்நாட்டிலே ஆறாண்டுகள் கதவைத் தட்டிப் பார்த்த பின்னரே அவர் கப்பல் ஏறினார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவர் எழுத்தும் பேச்சும் செய்யமாட்டாத ஒன்றை அவ்வாண்டு கல்கத்தாவிலே ஒரு சிறுமியின் சாவு செய்தது. புல்மோனி என்பது அவள் பெயர். வயது பதினொன்றைச் சற்றே கடந்தவள். முப்பத்தைந்து வயதினனான கணவன் ஹரிமோகன் மைத்தி அவளை வலிந்து புணர்ந்தமையால் குருதி பெருகி மாண்டாள். 1860 ஆம் ஆண்டின் தண்டச் சட்டம் இசைவு வயதைப் பத்து என வகுத்திருந்தது. பத்தைக் கடந்த மனைவியிடத்துக் கணவன் செய்தது வன்புணர்ச்சி ஆகாது. ஆதலின் கொடுங்காயம் விளைத்தமைக்காக மட்டும் ஓராண்டுக் கடுங்காவல் விதித்து நீதிமன்றம் வழக்கை முடித்தது. நீதிபதிக்கும் அதற்கு மேல் வழியில்லை. சட்டத்தின் ஓட்டை இன்னதென்று அதுவரை வாதமாக இருந்தது. இப்பொழுது ஒரு பிணமாக முன்னே கிடந்தது. மருத்துவப் பெண்டிர் ஐம்பத்தைவர், தாம் கண்ணாரக் கண்ட இத்தகைய சிறுமியர் நிலையைப் பட்டியலிட்டு வைசிராய்க்கு விண்ணப்பம் அனுப்பினர். உணர்ச்சி மிக்க நூறு தலையங்கத்தினும் அந்த மருத்துவப் பட்டியலே வலிது என்பது எம் கருத்து.

1891 ஜனவரியில் சர் ஆண்ட்ரூ ஸ்கோபிள் இசைவு வயது மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பத்து என்பதைப் பன்னிரண்டு ஆக்குவதே அதன் முழு உள்ளடக்கம். அவ்விரண்டு ஆண்டுகளுக்காகக் கல்கத்தா மைதானத்திலே பெருங்கூட்டங்கள் கூடின. காளிகட்டத்திலே வழிபாடுகள் நடந்தன. புனாவிலே திலகர் எதிர்த்தார். பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு முன் மணம் செய்வதில்லை என்று சீர்திருத்தம் பேசுவோரே முதலில் உறுதி ஏற்கட்டும், அயலார் சட்டம் வேண்டா என்பது அவர் வாதம். வங்கவாசி என்னும் வங்க இதழ் எழுதிய கடுமொழிகளுக்காக அதன் மீது அரசு இராசதுரோக வழக்குத் தொடுத்தது; இந்திய இதழ் ஒன்றின் மீது தொடுக்கப்பட்ட முதல் இராசதுரோக வழக்கு அதுவே. ஜூரிகள் ஒருமனப்படாமையாலும், இதழார் மன்னிப்புக் கோரினமையாலும் வழக்குக் கைவிடப்பட்டது. எதிர்ப்பையும் தம் செலவில் அச்சிட்ட மலபாரியின் முறையோடு அரசின் இம்முறையை ஒப்பிடுங்கால், மலபாரியின் முறையே நமக்கு உவப்பாகிறது. நம் சென்னை மாகாணத்திலே அப்போது திவான் பகதூர் இரகுநாத ராவ் போன்றோர் தரும நூல்களையே சான்றாகக் கொண்டு சீர்திருத்தம் பேசி வந்தனர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1891 மார்ச் 19 அன்று மசோதா சட்டமாயிற்று.

சட்டம் வந்தது, ஆனால் வீட்டினுள் அது எளிதில் நுழையவில்லை. பிறப்பைப் பதியும் வழக்கம் இல்லாத நாட்டிலே ஒரு சிறுமிக்குப் பன்னிரண்டு நிறைந்ததா இல்லையா என்பதை யார் சொல்வது? கணவன் மீதான குற்றத்தைக் காவலர் தாமே விசாரிக்கவும் இயலாதவாறு கட்டுகள் போடப்பட்டன. வழக்குகள் மிகச் சிலவே நடந்தன. அங்ஙனமாயின் பயன் யாது என்று கேட்கலாம். கதவுக்குள்ளே மனைவிக்கு இழைக்கப்படும் வன்முறை குடும்பத்தின் சொந்தச் செய்தி என்று இருந்தது போய், செய்தித்தாளிலும் சட்டமன்றத்திலும் பேசப்படும் பொருளாயிற்று. அதற்குப் பின் அப்பேச்சை யாராலும் முற்றிலும் நிறுத்த முடியவில்லை. மனைவிக்குரிய இசைவு வயது 1925 இல் பதின்மூன்றாகவும், 1949 இல் பதினைந்தாகவும் உயர்ந்தது. 1929 ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என வகுத்தது. மணமான சிறுமிக்கும் பதினெட்டே எல்லை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது 2017 இல்தான்.

மலபாரி பற்றி நமக்குள்ள மனக்குறை ஒன்றையும் மறைக்காது சொல்லிவிட வேண்டும். அவர் ஆள்வோரை நோக்கி எழுதிய அளவிற்கு, அச்சிறுமியரின் தாய்மாரை நோக்கி எழுதவில்லை. அவருடைய இதழோ ஆங்கில இதழ். கொடுமை நிகழ்ந்த வீடுகளிலே அதனைப் படிக்கத் தெரிந்தவர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? பிற்காலத்தே இக்குறையை அவரே உணர்ந்திருத்தல் கூடும். ஏனெனில், சட்டத்திற்குப் பின் அவர் நாட்டம் மெல்ல வேறு திசையிலே சென்றது.

1908 இல், நண்பர் தயாராம் கிதுமல் அவர்களோடு இணைந்து பம்பாயில் சேவா சதனம் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். ஆதரவற்ற மகளிருக்கு உறைவிடம், கல்வி, கைத்தொழில், நோயாளரைப் பேணும் பயிற்சி ஆகியன அங்கே சாதி சமய வேறுபாடின்றி அளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு புனாவிலே அதன் கிளை எழுந்தபோது, ரமாபாய் ரானடே அம்மையார் அதனைத் தலைமையேற்று வளர்த்தார். அங்கே கற்ற பெண்கள் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் வெளிவந்தனர். எழுதுகோலைக் கீழே வைக்காமலே, நிதிக்காக ஊர் ஊராக அலைந்தார் மலபாரி. ஈஸ்ட் அண்ட் வெஸ்ட் என்னும் திங்களிதழையும் அவர் நடத்திக்கொண்டிருந்தார். 1912 ஜூலையில் சிம்லாவிலே அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது ஐம்பத்தொன்பது. சேவா சதனம் அவருக்குப் பின்னரும் தொடர்ந்து நடைபெற்றது.